பழைய பிக்கப்புக்கு ஒன்றரை அங்குல உயரம்: ஒரு கமான்பட்டைப் பட்டறையின் வேலை

வாலிநோக்கம் கரையிலிருந்து இராமநாதபுரம் சந்தைக்கு மீன் ஏற்றிவரும் என் 2009 ஆம் ஆண்டு பொலிரோ பிக்கப்பின் பின்புறம் நன்றாகப் படுத்துவிட்டது. பெட்டிகளிலிருந்து ஒழுகும் உப்புத்தண்ணீர், பாரத்தைத் தாங்கும் வளைந்த எஃகு ஸ்பிரிங் அடுக்கான கமான்பட்டைகளின் இடுக்கில் இறங்கியதால் துரு ஏடு ஏடாகப் பெயர்ந்து, பட்டைகள் வளைவை இழந்திருந்தன. பாரம் ஏற்றினால் ஆக்ஸில் சேசியின் ரப்பர் கட்டையில் இடித்தது. நான்கு அங்குலம் உயர்த்தித் தரும்படி கிழக்குக் கடற்கரைச் சாலையோரப் பட்டறை ஒன்றில் வண்டியை விட்டேன்.

மேஸ்திரி மறுத்துவிட்டார். "அண்ணே, நாலு இஞ்சு தூக்குனா ஜாயிண்டு தாங்காது, வளைவுல வண்டி சாயும்" என்றார். கமான்பட்டையை உயர்த்தினால் பாடிதான் உயருமே தவிர, ஆக்ஸிலின் நடுவில் தொங்கும் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியல் உயராது, அதற்கு டயர்தான் பெரிதாக வேண்டும் என்பதையும் அவர் சொல்லியே அறிந்தேன். தயாரிப்பாளர் குறித்த அமைப்பை மாற்றுவதற்கு 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆவது பிரிவு தடை விதிப்பதால், இழந்த வளைவை மீட்பதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார்.

வேலை நேர்த்தியானது. வேண்டிய வளைவைத் தரையில் சாக்கட்டியால் வரைந்துகொண்டு, ஒவ்வொரு பட்டையையும் நெருப்பில் காட்டாமல் பட்டறைக்கல்லில் வைத்து, விரற்கடை தூரத்துக்கு ஓர் அடியாகச் சம்மட்டியால் அடித்து, கோட்டோடு பொருத்திப் பார்த்தார்கள். ஸ்பிரிங் எஃகைச் சூடாக்கிவிட்டு முறையாகப் பதமேற்றாவிட்டால் அது மீண்டும் படுத்துவிடும். துரு தின்ற இரண்டு பட்டைகளை மாற்றி, பட்டைகளை ஆக்ஸிலோடு பிணைக்கும் யூ போல்ட் ஒருமுறை இறுக்கினால் நீண்டிருக்கும் என்பதால் நான்கையும் புதிதாகவே போட்டார்கள். இரண்டு நாள் வேலைக்குச் சாமானும் கூலியும் 14,500 ரூபாய். பட்டைக்கு ஒன்றரை அங்குல உயரம் திரும்பக் கிடைத்தது.

குறை ஒன்று உண்டு, அது சிறியதன்று. பாரத்துக்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வின் கம்பியை அவர்கள் தொடவே இல்லை. பாடி உயர்ந்துவிட்டதால் வால்வு வண்டியைக் காலி வண்டி என்றே எடுத்துக்கொண்டது. திருப்புல்லாணி அருகே மாடு குறுக்கே வந்தபோது முன்பக்கம் மட்டும் குப்புற அமுங்கி, வண்டி நான் நினைத்ததைவிடத் தள்ளிப் போய்த்தான் நின்றது. மறுநாள் கூலி வாங்காமல் சரிசெய்துகொடுத்தார்கள் என்றாலும், கேட்டபிறகு செய்ய வேண்டிய வேலை அல்ல இது.

500 கிலோமீட்டர் ஓடியபின் யூ போல்ட்டை மறுபடி இறுக்குவதற்கு அவர்களே தொலைபேசியில் அழைத்தார்கள். வாரம் ஒருமுறை பட்டைகளை நல்ல தண்ணீரில் கழுவவும் சொன்னார் மேஸ்திரி. எங்கள் ஊரில் நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் விலைக்கு வாங்குகிறோம் என்பது அவருக்கும் தெரியும்.