பெட்டியில் '4கே சப்போர்ட்' என்று இருந்தால் வாங்கிவிடாதீர்கள்

அம்மாவின் சீட்டுக் காசில் 115,000 ரூபாவைக் கொடுத்து, மட்டக்களப்பு நகரில் ஒரு கடையில் 50 இஞ்சி '4கே' டிவி வாங்கினோம். அது 4கே இல்லை. ஃபுல் எச்டி கூட இல்லை. டிவி வாங்க யோசித்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள்.

அப்பாவுக்காக வாங்கியது. 1996 மார்ச் 17இல் லாகூரில் நடந்த உலகக் கிண்ண இறுதியாட்டத்தை, கரண்ட் இல்லாத படுவான்கரையில், உழவு மெசின் பற்றரியில் ஓடிய கறுப்பு வெள்ளை டிவியில் பார்த்தவர் அவர். அரவிந்த டி சில்வா அன்று அடித்த ஆட்டமிழக்காத 107ஐப் பற்றி இப்போதும் பேச்செடுத்தால் நிறுத்தமாட்டார். போன வருடம் கண்புரைக்கு ஒப்பரேசன் செய்தோம். பார்வை தெளிந்த பிறகு அவர் கேட்ட ஒரே விசயம், பெரிய திரையில் ஒரு மேட்ச்.

கடையில் பென் டிரைவைச் செருகி மீன்களும் பூக்களும் வரும் வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். பளிச்சென்றுதான் இருந்தது. "அண்ணன், ஃபோர்கே, எச்டிஆர், 120 ஹேர்ட்ஸ், எல்லாம் இருக்கு. கொம்பனி டிவி எண்டா ரெண்டு லட்சத்துக்கு மேல" என்றார் கடைக்காரர். பில்லில் அவர் எழுதியது "50 இஞ்சி ஸ்மார்ட் டிவி" என்று மட்டும். மொடல் இலக்கமும் இல்லை, 4கே என்ற சொல்லும் இல்லை. நான் அதை அந்த இடத்தில் கேட்டிருக்க வேண்டும்.

வீட்டில் முதல் மேட்ச் அன்றே அப்பா கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டார். "மனே, பந்து எங்க போகுதெண்டே தெரியுதில்லையே" என்றார். கண்ணில்தான் திரும்பவும் ஏதோ பிரச்சினை என்று நாங்கள் பயந்து, கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். கண்ணில் ஒரு குறையும் இல்லை. எனக்கு இன்றும் கோபம் ஆறாதது இதில்தான்.

மறுகா, டிவி திருத்தும் தம்பி ஒருவரைக் கல்லடியிலிருந்து கூட்டி வந்தேன். அவர் ஒரு புள்ளி கறுப்பு, ஒரு புள்ளி வெள்ளை என்று நெருக்கமாகக் கோடு போட்ட 4கே படம் ஒன்றைப் பென்னில் போட்டுக் காட்டினார். உண்மையான 4கே திரையில் கிட்டப் போய்ப் பார்த்தால் கோடுகள் தனித்தனியாகத் தெரிய வேண்டுமாம். எங்கள் டிவியில் எல்லாம் கலங்கிச் சாம்பலாகத் தெரிந்தது. பிறகு பின்பக்கத்தைக் கழற்றி பெனலில், அதாவது படம் தெரியும் திரைப் பலகையில், ஒட்டியிருந்த லேபலின் இலக்கத்தைத் தேடிப் பார்த்தோம். 1366 × 768. 4கே என்றால் 3840 × 2160, அதாவது ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள். எங்கள் திரையில் இருப்பது பத்தரை லட்சம். எட்டில் ஒரு பங்கு.

'4கே சப்போர்ட்' என்பதன் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. உள்ளே இருக்கும் சிப் 4கே வீடியோவை வாங்கிக்கொள்ளும், ஆனால் திரையில் புள்ளிகள் இல்லாததால் அதைச் சுருக்கித்தான் காட்டும். யூடியூப்பில் 2160 என்று தெரிவு வருவதைப் பார்த்தும் ஏமாறாதீர்கள், அது சிப்பின் வேலை. வெளிச்சத்தையும் இருட்டையும் இன்னும் துல்லியமாகக் காட்டும் எச்டிஆர் கதையும் இதேதான். சிக்னலை ஏற்றுக்கொள்ளும், அதைக் காட்டும் வெளிச்சம் திரையில் இருக்காது.

படம் பார்ப்பதும் சரிவரவில்லை. அதில் இருந்தது கூகுள் அங்கீகரித்த ஆண்ட்ராய்டு டிவி அல்ல. நெட்ஃபிளிக்ஸ் என்று போட்டிருந்தது ஃபோனுக்கான செயலி. ரிமோட்டில் அம்புக்குறியை நகர்த்தித்தான் ஓட்ட வேண்டும். வீடியோவைக் களவாகப் பிரதி எடுக்கவிடாமல் தடுக்கும் வைட்வைன் எல்1 பாதுகாப்பு இல்லாத கருவிக்கு நெட்ஃபிளிக்ஸ் எச்டி தராது, மங்கலான எஸ்டிதான் வரும். மாதச் சந்தா எவ்வளவு கட்டினாலும் அதே படம்தான்.

கடைக்குப் போனேன். "பெட்டியில சப்போர்ட் எண்டுதானே இருக்கு, நாங்க பொய் சொல்லல்லையே" என்றார்கள். மாற்றித்தர மாட்டோம், பின்பக்கம் கழற்றியதால் வொரண்டியும் போய்விட்டது என்றார்கள். கழற்றும் முன்பு கடைக்கு அறிவித்திருக்க வேண்டும். அது என் பிழை.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு இப்போது எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். அவர்களின் இலக்கம் 1977. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும். பில்லில் 4கே என்று இல்லாததுதான் எனக்குப் பெரிய இடைஞ்சலாக இருக்கிறது.

அதனால் காசு கொடுக்குமுன் மொடல் இலக்கத்தைக் கேட்டு, கடையில் நின்றே உங்கள் ஃபோனில் தயாரிப்பாளரின் தளத்தில் தேடுங்கள். அங்கே அந்த மொடலே இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள். பில்லில் "4கே பெனல், 3840 × 2160" என்று எழுதித்தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். அவர்கள் போடும் மீன் வீடியோவைப் பார்க்காமல், ஒரு கிரிக்கெட் மேட்சைப் போடச் சொல்லி, பந்து ஓடும்போது வால் போல இழுபடுகிறதா, ஓரத்தில் வரும் ஸ்கோர் எழுத்து கூராக இருக்கிறதா என்று பாருங்கள்.

இதே மாதிரி டிவி ஏற்கெனவே வாங்கி மூன்று மாதம் ஆகாதவர்கள் பெட்டியையும் பில்லையும் எறியாமல், பெட்டியின் நாலு பக்கத்தையும் இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள்.