கடலோர வீட்டில் டியூப் டிவி: படம் கோணினால் எங்கே பார்ப்பது?

எங்கள் வீட்டு 21 இஞ்ச் கலர் டிவி 1999இல் வாங்கியது. வீடு குளச்சலுக்குப் பக்கம். ஜன்னல் கம்பியைத் தொட்டு விரலை நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். அந்தக் காற்றில் கால் நூற்றாண்டு ஓடிய பெட்டி இது. ஹாலில் பெரிய எல்இடி வந்த பிறகு இது அம்மாவின் அறைக்குப் போய்விட்டது. அம்மா இதைத்தான் பார்ப்பார். எல்இடியில் ஆட்களின் முகம் "மாவு பூசின மாதிரி இருக்கு" என்பது அவர் கருத்து.

இத்தனை வருடத்தில் இந்தப் பெட்டியில் படம் கெடாத விதம் என்று ஒன்று பாக்கி இல்லை. ஒவ்வொரு தடவையும் திங்கள்சந்தையில் கடை வைத்திருந்த ஒரு மெக்கானிக் அண்ணன்தான் பார்த்தார். பெட்டியைக் கொண்டுபோனால் அவர் உடனே பின்மூடியைக் கழற்ற மாட்டார். ஆன் செய்து, ஒரு சாயா குடித்து முடியும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். படம் எந்தப் பக்கம் கெட்டிருக்கிறது, சூடானதும் மாறுகிறதா என்று பார்த்தாலே பாதிப் பழுது பிடிபட்டுவிடும் என்பார். அவரிடம் நின்று கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டியூபின் கழுத்துக்குள்ளிருந்து வரும் எலெக்ட்ரான் கற்றையை, கழுத்தைச் சுற்றியிருக்கும் யோக் என்ற செம்புக் காயில் இழுத்துத் திரை முழுக்க ஓட்டுகிறது. நம் நாட்டு முறையில் ஒரு படத்துக்கு 625 வரி. குறுக்கே வினாடிக்கு 15,625 தடவை, மேலிருந்து கீழே 50 தடவை. குறுக்கே இழுப்பது ஒரு சர்க்யூட், கீழே இழுப்பது வேறொரு சர்க்யூட். ஆகவே உயரம் மட்டும் கெட்டால் வெர்டிகல் பக்கம், அகலம் மட்டும் கெட்டால் ஹரிசான்டல் பக்கம். இரண்டும் சேர்ந்து சுருங்கினாலோ ஊதினாலோ பவர் சப்ளை அல்லது ஈஎச்டி, அதாவது டியூபுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் உண்டாக்கித் தரும் பகுதி. இந்த ஒரு கணக்கு மனதில் இருந்தால் போதும், கடைக்காரர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டியதில்லை. (அந்த 15,625 தான் டியூப் டிவி போடும் மெல்லிய கீச்சொலி. எனக்கு இப்போது கேட்பதில்லை. என் மகனுக்குப் பக்கத்து அறையிலிருந்தே கேட்கிறது. டிவி மாறவில்லை, என் காதுதான்.)

முதலில் கோளாறு பெட்டியிலா, வெளியிலிருந்து வரும் சிக்னலிலா என்று பிரிக்க வேண்டும். இதற்கு மீட்டர் தேவையில்லை. ரிமோட்டில் வால்யூமைக் கூட்டுங்கள். டிவி தானே வரைகிற அந்தப் பச்சைக் கோடும் எழுத்தும் நேராக இருந்து, பின்னால் ஓடும் படம் மட்டும் வளைந்தால் பெரும்பாலும் சிக்னல் கோளாறு. கேபிளையோ செட்-டாப் பாக்ஸையோ மாற்றிப் பாருங்கள். எழுத்தும் படமும் சேர்ந்து வளைந்தால் பெட்டிக்குள்தான் வேலை. படத்தின் மேல் ஓரம் மட்டும் கொடி மாதிரி ஒரு பக்கமாகச் சாய்வதும் அநேகமாக சிக்னல் விஷயமே.

பழைய ஆன்டெனா காலத்து ஆட்களுக்கு இன்னொன்று நினைவிருக்கும்: ஒரே ஆள் இரண்டு ஆளாகத் தெரிவது. குமரி மாவட்டத்துக்காரர்கள் திருவனந்தபுரம் தூர்தர்ஷன் பார்த்து மலையாளம் கற்ற காலம் அது. நேராக வரும் சிக்னலோடு மலையிலோ கட்டடத்திலோ மோதித் திரும்பி வருவதும் சேர்ந்தால், தாமதமாக வருவது வலப்பக்கம் தள்ளி நிழலாக விழும். 21 இஞ்ச் திரையில் நிழல் 8 மில்லிமீட்டர் தள்ளி விழுந்தால், அது கிட்டத்தட்ட 300 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்திருக்கிறது என்று கணக்குப் போடலாம். எங்கள் தெருவில் யாரும் கணக்குப் போடவில்லை. மாடியில் ஒருவர் கம்பியைத் திருப்ப, கீழே ஒருவர் "போதும், போதும்... ஐயோ போச்சு" என்று கத்துவார், அவ்வளவுதான்.

சரி, பெட்டிக்குள் வருவோம். எங்கள் டிவியை அதிகம் படுத்தியது வெர்டிகல் பகுதி. முதலில் செய்தி வாசிப்பவரின் நெற்றி மேலே இழுத்துக்கொண்டு நீண்டது. பிறகு திரையின் மேல் இரண்டு விரல் அகலத்துக்குப் படம் மடிந்து, அதன்மேல் வெள்ளைக் கோடுகள் விழுந்தன. பக்கத்து ஊர்க் கடையில் கேட்டபோது பிக்சர் டியூப் போய்விட்டது என்று சொல்லி, எக்ஸ்சேஞ்சில் புது டிவி விலையும் சொன்னார்கள். திங்கள்சந்தை அண்ணன் பார்த்துவிட்டுச் சிரித்தார்: "டியூபும் இல்ல, ஐசியும் இல்ல. ஐசியை மாத்தாண்டாம் மக்கா. சவம், ஒரு கண்டன்சர்."

கற்றை திரையின் அடிக்கு வந்ததும் சட்டென்று மேலே திரும்ப வேண்டும். அந்த ஒரு கணத்துக்கு வெர்டிகல் ஐசிக்கு (கீழே இழுக்கும் சர்க்யூட்டின் சில்லு) வழக்கத்தைவிட இரட்டிப்பு வோல்ட் தேவை. அதைச் சேர்த்து வைத்துக் கொடுப்பது ஐசிக்குப் பக்கத்தில் நிற்கும் 100 மைக்ரோஃபாரட் கண்டன்சர். அது நிற்பது ஐசியின் சூட்டை வாங்கும் அலுமினியத் தகட்டை (ஹீட் சிங்க்) ஒட்டி. வருடக்கணக்கில் அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் ரசாயனம் காய்ந்து பவர் இழந்துவிடும். கற்றை உரிய நேரத்துக்குள் மேலே போய்ச் சேராமல், முதல் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. திரையில் மடிப்பாகத் தெரிவது அதுதான். பழைய கண்டன்சரைக் கழற்றி என் கையில் தந்தார். மேலே போர்த்தியிருந்த பிளாஸ்டிக் உறை சுருங்கி ஒரு பக்கம் அலுமினியம் வெளியே தெரிந்தது, அடியில் கருத்த பிசின். புதிதாகப் போடும்போது 85 டிகிரி வேண்டாம், 105 டிகிரி என்று அச்சடித்ததைக் கேட்டு வாங்குங்கள். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆயுளில் உண்டு.

மேலே இல்லாமல் அடிப்பக்கம் படம் நெருக்கிக்கொண்டு சுருண்டால், யோக்கோடு தொடராக நிற்கும் 1000 அல்லது 2200 மைக்ரோஃபாரட் கண்டன்சரைச் சந்தேகப்படலாம். அந்தக் கண்டன்சர் இல்லாத சர்க்யூட்களும் உண்டு, எல்லா டிவிக்கும் பொருந்தாது.

படம் முழுக்கக் காணாமல் போய், நடுவில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் நிற்பது இதன் உச்சம். அப்படிக் கண்டால் உடனே பிரைட்னஸைக் குறையுங்கள், அல்லது ஆஃப் செய்யுங்கள். அத்தனை கற்றையும் ஒரே இடத்தில் விழுவதால் திரையின் உட்புறத்தில் ஒளிரும் பூச்சான பாஸ்பர் கருகி நிரந்தரத் தழும்பாகிவிடும். எங்களுக்கு அந்தக் கோடு வந்தபோது பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் படம் விரிந்தது. தட்டினால் சரியாகிறதென்றால் அது டிரை சோல்டர். ஐசியின் கால்கள் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, ஈயத்தில் விரிசல் விடும். போர்டைத் திருப்பி லென்ஸ் வைத்துப் பார்த்தால், காலைச் சுற்றி மயிரிழை வட்டம் ஒன்று மங்கலாகத் தெரியும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைக்க வேண்டும். மேலேயே சோல்டரிங் அயர்னை ஒற்றி எடுத்தால் அடுத்த மழைக்குத் திரும்பி வரும்.

மழை என்றதும், கடலோரத்துக்கே உரிய ஒரு நோய் உண்டு. எங்கள் மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமும் பெய்யும், வடகிழக்கும் பெய்யும். அந்த மாதங்களில் காலையில் டிவி போட்டால் படம் புகை மூட்டமாக வரும், கொஞ்ச நேரத்தில் தானே தெளியும். வருடம் போகப்போகத் தெளிகிற நேரம் நீளும். இதைப் பார்த்ததும் டியூப் வீக் என்று சொல்பவர்கள் உண்டு, ஈஎச்டியில் இருக்கும் ஃபோகஸ் திருகைத் திருப்புகிறவர்கள் அதைவிட அதிகம். திருப்பினால் அன்றைக்குச் சரியாகும், மறுநாள் வேறு விதமாக மங்கும். காரணம் டியூபின் வாலில் மாட்டியிருக்கும் சாக்கெட். மற்ற கால்களுக்கு அதிகபட்சம் சில நூறு வோல்ட் போகும்போது, ஃபோகஸ் காலுக்கு மட்டும் ஐந்தாறாயிரம் வோல்ட் போகிறது. சாக்கெட்டுக்குள் உப்பும் ஈரமும் சேர்ந்தால் அந்த வோல்ட் கசிகிறது. எங்கள் பழைய சாக்கெட்டைப் பிளந்து பார்த்தோம். ஃபோகஸ் காலைச் சுற்றி மட்டும் பச்சைக் களிம்பு அப்பியிருந்தது, மற்றவை எல்லாம் செம்பு நிறத்திலேயே இருந்தன. சுத்தம் செய்து மாட்டுவது வீண்வேலை, சாக்கெட்டையே மாற்றுங்கள். உதிரிகளிலேயே மலிவானது அதுதான். காலின் எண்ணிக்கையும் அமைப்பும் சரியாக இருக்க வேண்டும், பழையதைக் கையோடு கொண்டுபோவது நல்லது.

திரையின் மூலையில் பச்சை, ஊதா என்று திட்டு விழுவதற்கு எங்கள் பக்கம் ஒரு விளக்கம் உண்டு: மணவாளக்குறிச்சிக் கருமணல். ஸ்பீக்கர் காந்தத்தை அந்த மணலில் புரட்டினால் கருப்பாக அப்பிக்கொண்டு வரும் என்பது உண்மை, சின்ன வயதில் எல்லோரும் செய்ததுதான். ஆனால் கடற்கரையில் கிடக்கும் மணல் வீட்டுக்குள் இருக்கும் டிவியின் நிறத்தைத் திருப்பாது. பக்கத்தில் வைத்த ஹோம் தியேட்டர் ஸ்பீக்கரைப் பாருங்கள். அதை நகர்த்திய பிறகும் திட்டு நின்றால், டிவிக்குள்ளேயே காந்தம் நீக்கும் காயில் ஒன்று இருக்கிறது. மெயின் சுவிட்சைப் போட்டதும் "டொய்ங்" என்று அதிருமே, அதுதான். ரிமோட்டில் மட்டும் ஆன் ஆஃப் செய்யும் வீடுகளில் பல மாடல்களில் அந்தக் காயில் வேலை செய்யவே வாய்ப்பில்லை. மெயின் சுவிட்சை அணைத்து அரைமணி நேரம் ஆறவிட்டுப் போடுங்கள். சத்தமே வராவிட்டால், அந்தக் காயிலுக்குக் கரண்டை விட்டு உடனே குறைக்கும் பாசிஸ்டர் என்ற உதிரி போயிருக்கும்.

பக்கவாட்டு ஓரங்கள் பாம்பாக நெளிந்தால், அல்லது சாம்பல் பட்டை இரண்டு மெல்ல மேலே ஏறினால் பவர் சப்ளை ஃபில்டர் கண்டன்சர். பிரைட்னஸ் கூட்டும்போது படம் ஊதிப் பெரிதாகி மங்கினால் ஈஎச்டி பக்கம். இவை எங்களுக்கு ஒரு தடவைக்கு மேல் வரவில்லை.

குலசேகரத்தில் அத்தான் வீட்டு 29 இஞ்ச் கதை வேறு. போர்டு போனதும் ஒரு கடையில் மொத்தமாக எடுத்துவிட்டு சைனா கிட், அதாவது மலிவான ரெடிமேட் போர்டு மாட்டிக் கொடுத்தார்கள். படம் வந்தது. ஆனால் இரண்டு பக்கமும் இடுப்பு ஒடுங்கின மாதிரி உள்ளே வளைந்து நின்றது. 21 இஞ்ச் வரை பெரும்பாலும் யோக்கே அந்த வளைவைச் சரிசெய்துவிடும். கற்றையை அகலக் கோணத்தில் திருப்பும் பெரிய 110 டிகிரி டியூப்களுக்குத் தனியாக ஒரு திருத்தும் சர்க்யூட் வேண்டும், மலிவான கிட்டில் அது கிடையாது. "பழகிரும்" என்று சொல்லி அனுப்பினார்களாம். அத்தானும் பழகிவிட்டார். கிரிக்கெட் மைதானம் மட்டும் இன்றைக்கும் அவர் வீட்டில் உடுக்கை வடிவம். ஒரிஜினல் போர்டைச் சரிசெய்ய முடியுமென்றால் கிட் பக்கம் போகாதீர்கள் என்பேன்.

மூடியைக் கழற்றுவது பற்றி ஒன்று. ஆஃப் செய்து பிளக்கைப் பிடுங்கிய பிறகும் டியூபுக்குள் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். டியூபின் முதுகில் தடித்த வயர் வந்து சேரும் ரப்பர் குடைக்கு அடியில் இருப்பது அதுதான். போர்டின் ஒரு பகுதி நேரடியாகக் கரண்டில் நிற்கும். கழுத்தில் ஸ்பேனர் இடித்தாலே டியூப் காலி. கைப்பழக்கம் இல்லாதவர்கள் திரையைப் பார்த்துக் கண்டுபிடிப்பதோடு நின்று, கண்டதை மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். "மேல் பக்கம் மடியுது, சூடானா கூடுது" என்று சொல்கிற ஆளிடம் டியூப் போச்சு என்று சொல்ல எவருக்கும் கொஞ்சம் கூச்சம் வரும்.

உதிரி கிடைப்பதுதான் இப்போது சிக்கல். கண்டன்சர் எங்கும் கிடைக்கிறது. வெர்டிகல் ஐசியில் போலி அதிகம். சாக்கெட்டுக்கு நான் நம்புவது பழைய சாமான் வாங்கும் ஆக்கர் கடையை. 2006க்குப் பிறகு அரசு இலவசமாகக் கொடுத்த 14 இஞ்ச் பெட்டிகள் அங்கே அடுக்காகக் கிடக்கும். செம்புக்காக யோக்கை உடைத்து எடுப்பதற்குள் போய்ச் சேர வேண்டும். மலையோரப் பக்கம், அதாவது திருவட்டாறு, அருமனை வீடுகளிலிருந்து வந்த பெட்டியா என்று விசாரித்து எடுங்கள். கடல்புறத்துப் பெட்டியின் சாக்கெட்டில் பச்சை ஏற்கெனவே ஏறியிருக்கும்.