குச்சாய்த் தொட்டியும் கறுப்பு அசுவினியும்: மூன்று வருட அனுபவம்

சிங்கப்பூரில் புது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டுக்குச் சாவி வாங்கிய நண்பர் கேட்டார்: "அண்ணே, உங்க வாசல்ல இருக்கே குச்சாய், அதை நானும் வைக்கலாமா?" குச்சாய் என்பது பூண்டு வாசம் வீசும் கீரை. வேண்டவே வேண்டாம் என்றேன். அன்று காலைதான், சாறு உறிஞ்சும் கறுப்பு அசுவினிப் பூச்சி மொய்த்த ஒரு கொத்தை அப்படியே அரிந்து குப்பையில் போட்டிருந்தேன். கோபம் ஆறவில்லை.

செடியைக் குறை சொல்ல முடியாது. சைவ்ஸ் என்று பேரங்காடியில் தொட்டியோடு விற்பார்களே, குழல் மாதிரி இலை, ஊதாப் பூ, அது குளிர்நாட்டுச் சரக்கு. இரண்டு முறை வாங்கி இரண்டு முறையும் நம் புழுக்கத்தில் சாகக் கொடுத்தேன். குச்சாய் வேறு. இலை தட்டை, பூ வெள்ளை, வாசம் பூண்டு. ஊருக்குப் போய் இரண்டு வாரம் கழித்து வந்தால், தண்ணீர் ஊற்றச் சொன்ன மகன் மறந்தேபோயிருக்கிறான். காய்ந்ததை வெட்டிவிட்டு நீர் காட்டினேன். சில நாளில் பச்சை முளை எட்டிப் பார்த்தது.

காலை வெயில் விழும் தாழ்வாரம். நடைவழிக்கு 1.2 மீட்டர் விடவேண்டும் என்பதால் சுவரை ஒட்டி ஒடுக்கமான நீளத் தொட்டி. அடியில் தட்டு கிடையாது, தேங்கினால் கொசு. இரண்டு விரல் உயரம் விட்டு அரிந்தால் மூன்று நான்கு வாரத்தில் அடுத்த அறுவடை. அவ்வளவுதான் வேலை.

ஆனால் அந்த அசுவினி! இலைகள் மண்ணிலிருந்து கிளம்பும் மடிப்புக்குள், வெளியே தெரியாமல், கூட்டமாய் உட்கார்ந்திருக்கும். ஊரிலிருந்து வந்த அத்தை பார்த்துவிட்டு, "என்னப்பா, கீரைக்கு எள்ளு தூவி வச்சிருக்க?" என்றார். சோப்புத் தண்ணீர் தெளித்தால் மேலே இருப்பவை சாகும். மடிப்புக்குள் ஒளிந்தவை ஒரே வாரத்தில் குடும்பம் பெருக்கிவிடும். நாலு இலை நறுக்க, ஒவ்வொன்றாய்ப் பிரித்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்க்கவேண்டியிருக்கிறது. அப்படியும் போன மாதம் ஆம்லெட்டில் இரண்டு புள்ளி. மிளகு என்று சொல்லிச் சமாளித்தேன். ஈரச்சந்தையில் கட்டுக் கட்டாய்ச் சுத்தமாகக் கிடைக்கும்போது எனக்கு ஏன் இந்தப் பாடு?

ஏன் என்றால், சந்தைக் கட்டு மறுநாளே குளிர்பெட்டியில் நைந்து நாறும். தொட்டியில் அரிந்து அடுத்த நிமிடமே அடை மாவில் போடும்போது வரும் வாசம் அதில் இல்லை. தவ்கே (முளைப்பயறு), தவ்குவாவோடு (கெட்டி சோயாக்கட்டி) வதக்கினாலும் அப்படியே. அப்புறம் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. தியோச்சியூ என்ற சீனப் பிரிவைச் சேர்ந்த வீட்டம்மா. என் இலையை வாங்கிப் போய், குச்சாயை உள்ளே வைத்த மாவுப் பலகாரமான குச்சாய் குவேயை ஆவியில் வேகவைத்துச் சுடச்சுடக் கொண்டுவந்து கொடுப்பார். நான் வளர்ப்பதே அதற்காக என்று மனைவி சொல்கிறாள்.

ஆன்ட்டிக்குச் சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் சைவம். பூண்டு, வெங்காயம், குச்சாய் எதுவும் ஆகாது. எங்கள் வீட்டில் அமாவாசைக்குப் பூண்டு, வெங்காயம் இல்லை. அமாவாசையும் சீன மாதத்தின் முதல் நாளும் அநேகமாக ஒட்டியே வரும். அந்த நாட்களில் தொட்டியை யாரும் சீண்டுவதில்லை, அசுவினிக்கு மட்டும் விருந்து.

நண்பருக்கு என் பதில் இன்னும் 'வேண்டாம்'தான். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். வேரோடு இரண்டு கொத்து பிரித்து ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், கூடவே ஒரு பழைய பிரஷ்.