பௌலிங் பந்தைத் தேய்க்கக் கொடுக்கிறீங்களா? எனக்கு 4,850 ரேண்ட் போச்சு, படிச்சுட்டுக் கொடுங்க

டர்பன்ல டென்பின் பௌலிங் (பந்தை உருட்டிப் பின்களைச் சாய்க்கிற ஆட்டம்) லீக் ஆடுற நம்ம ஆளுங்களுக்காக அவசரமா எழுதுறேன். கோபம் இன்னும் அடங்கல. பந்து 4,200 ரேண்ட், கூலி 650. ஆக 4,850. கடைப் பேரைச் சொல்லல, ஒரு பௌலிங் கூடத்தை ஒட்டி இருக்கிற ப்ரோ ஷாப், அதாவது பௌலிங் சாமான் வித்து, பந்தைச் சரிபண்ணித் தர்ற கடை. கொடுக்கும்போது எதையெல்லாம் கவனிக்கணும்னு கடைசியில விவரமா சொல்றேன்.

நான் கேட்டது சின்ன வேலை. எங்க லீக் ராத்திரியில லேன்ல, அதான் பந்தை உருட்டுற பாதையில, பூசுற எண்ணெய் புதுசா, தாராளமா இருக்கும். என் ரியாக்டிவ் பந்து (லேனைப் பிடிச்சு வளைஞ்சு திரும்புற ரகம்) ஆடி ஆடி வழவழப்பாகி, எண்ணெய் மேல வழுக்கிக்கிட்டே போகுது, திரும்ப மாட்டேங்குது. அதனால 2000ஆம் நம்பர் அப்ரலான் (தேய்க்கிற பட்டை) போட்டு மேற்பரப்பைக் கொஞ்சம் சொரசொரப்பாக்கச் சொன்னேன். நம்பர் குறையக் குறைய சொரசொரப்பு கூடும், பந்து லேனை சீக்கிரமே பிடிக்கும். பாலிஷ் போட்டா நேர் எதிர்: பந்து வழுக்கிக்கிட்டு தூரம் போய்த்தான் திரும்பும். காய்ஞ்ச லேனுக்கு அது சரி. போட்டி ஆரம்பிச்சப்புறம் தேய்க்க விதியில இடமில்ல, அதனால முன்னாடியே சரியா செஞ்சு வாங்கணும்.

கவுண்டர்ல இருந்தவர் "வணக்கம் அண்ணா"ன்னார். டர்பன்லயே நம்ம ஆளுங்க நிறைய இருக்கிற சாட்ஸ்வர்த்தாம், எங்க கோயில்லதான் வருஷா வருஷம் காவடி எடுப்பாராம். பந்தைக் கையில வாங்கி, கட்டை விரலால ஒரு தடவு தடவி, "உள்ள எண்ணெய் குடிச்சிருக்கு அண்ணா, ஸ்பின்னர்ல வச்சு நாலு பக்கமும் திருப்பித் திருப்பித் தேய்ச்சுத் தர்றேன், கவலைய விடுங்க"ன்னார். நாலு பக்கமும்னு சொன்னதும் வேலை தெரிஞ்ச ஆளுன்னு நினைச்சேன். ஸ்பின்னர்னா பந்தைச் சுழல விடுற மெஷின். 650ஐ அங்கேயே கட்டினேன். ரசீதுல "சர்வீஸ்"னு ஒரே வார்த்தை.

திரும்பி வந்த பந்து புளி போட்டுத் தேய்ச்ச குத்துவிளக்கு மாதிரி பளபளக்குது! பாலிஷ்! விளக்கு வெளிச்சத்துல சாய்ச்சுப் பார்த்தா, அடியில ஒரே பக்கம் வளையம் வளையமா கீறல். திருப்பவே இல்ல. லீக்ல போட்டா பந்து முன்னாடி நிக்கிற தலைப் பின்னைத் தொடாம வலது ஓரமா போய் விழுது.

திரும்பப் போனேன். "உங்க ரிலீஸ் (பந்தைக் கையிலிருந்து விடுற விதம்) மாறியிருக்கும் அண்ணா." அப்புறம், "எண்ணெய் இன்னும் வெளிய வரல, விட்டுட்டுப் போங்க." விட்டுட்டு வந்தேன். வாட்ஸ்அப்ல நீல டிக் விழுது, பதில் இல்ல. போன் பண்ணா, கரண்ட் கட்டாம், ஸ்பின்னர் ஓடலையாம். எங்க ஏரியாவுல அந்த வாரம் மின்வெட்டே கிடையாது.

கடைசியில கொடுத்தாங்க. விரல் துளைக்கும் துளைக்கும் நடுவுல விரிசல், மேற்பரப்புல நீளமா ஓடுது. வேலைக்கார பையன் வாய் தவறி, "ராத்திரி முழுக்க ஹீட்டர்ல இருந்துச்சு"ன்னுட்டான். எண்ணெயை வெளிய எடுக்கச் சூடு ஏத்தறதைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அண்ணா அண்ணான்னவர் இப்ப "சார்", சுவத்துல தொங்குற "பொருளுக்கு அதோட உரிமையாளரே பொறுப்பு" போர்டைக் காட்டுறார். 4,850 ரேண்ட், கையில விரிசல் பந்து.

அந்த போர்டு எல்லாத்துக்கும் செல்லாது. தென்னாப்பிரிக்காவோட 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 65ஆவது பிரிவு: உங்க பொருளை வாங்கி வச்சிருக்கிறவர் அதைப் பத்திரமா பார்த்துக்கணும். 54ஆவது பிரிவு: வேலை மோசம்னா திருத்தித் தரணும், இல்லன்னா பணத்துல நியாயமான பங்கைத் திருப்பணும். இதைச் சொன்னதும் "மேனேஜர் லீவு"ங்கிறாங்க. இன்னும் லீவுதான்.

சரி, அறிவுரை. ரசீதுல கிரிட் நம்பரை (சொரசொரப்பு அளவு) எழுத வைங்க: 500ஆ, 2000ஆ, பாலிஷா. "சூடு ஏத்தக் கூடாது"ன்னும் எழுத வைங்க. கொடுக்கிறதுக்கு முன்னாடி துளைகளைச் சுத்தி போட்டோ எடுங்க. வாங்கும்போது வெளிச்சத்துல உருட்டிப் பாருங்க. முன்பணம் வேண்டாம். மத்ததை அப்புறம் எழுதுறேன், நுகர்வோர் குறைதீர்ப்பாளருக்கு அனுப்ப வேண்டிய படிவம் இன்னும் பாதியிலதான் நிக்குது.