மெனியர் நோயோடு காக்ளியர் இம்ப்ளான்ட்: 14 மாதம் கழித்து

மெனியர் என்ற உள்காது நோய் இருப்பவர்களுக்குத் தெரியும், காது ஒரே நாளில் போய்விடுவதில்லை. இன்று கேட்கும், நாளை அடைத்துக்கொள்ளும், தலை சுற்றி வாந்தி எடுத்து ஓய்ந்ததும் கொஞ்சம் திரும்பும், அடுத்த முறை திரும்பாது. இப்படி ஏறி இறங்கும் காதுக்கு ஹியரிங் எய்டை எந்த அளவில் வைப்பது? பத்து வருடம் அதோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் வலது காதில் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது செவிநரம்பை மின்சாரத்தால் தூண்டும் கருவி, வைத்துக்கொண்டேன்.

அறுவை முடிந்து நான்காவது வாரம் சுவிட்ச் ஆன் செய்தார்கள். அன்று கேட்டதைப் பேச்சு என்றே சொல்ல முடியாது. ஆடியாலஜிஸ்ட் வாய் அசைகிறது, எனக்குக் கீச் கீச்சென்று சத்தம். உள்காதில் ஆயிரக்கணக்கான மயிரிழைச் செல்கள் பார்த்த வேலையை இப்போது இருபது சொச்சம் எலெக்ட்ரோடுகள் நேரே செவிநரம்பைத் தூண்டிச் செய்கின்றன, மூளை அதற்குப் பழக வேண்டாமா? தினமும் அரை மணி நேரம் தங்கை ஒரு பக்கத்தை வாசிப்பாள், நான் அதே பக்கத்தை விரல் வைத்துத் தொடர்வேன். மூன்றாவது வாரம், அவள் தாளைப் புரட்டிய சரசரப்பு தனியாகக் காதில் விழுந்தது. ஆறாவது மாதம் போனில் "அக்கா, சாவி எங்கே?" என்றாள். உடனே பதில் சொல்லிவிட்டேன், அப்புறம்தான் உறைத்தது, வாயசைவைப் பார்க்காமலே பேசியிருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிசு, நேற்றுக் கேட்டது இன்றும் கேட்பதுதான். மெனியர்காரர்கள் சிலருக்கு இம்ப்ளான்ட்டிலும் ஏற்ற இறக்கம் வரும், மேப்பிங்கை, அதாவது எலெக்ட்ரோடுகளின் தூண்டல் அளவுகளை, அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். நான் முதல் வருடத்தில் இரண்டு முறை கூடுதலாகப் போனேன், அவ்வளவுதான்.

குறைகளும் இருக்கின்றன. இது தலைச்சுற்றலுக்கு வைத்தியம் இல்லை. அறுவைக்குப் பிறகு முதல் வாரம் சுவரைப் பிடித்துத்தான் நடந்தேன், முன்கூட்டியே யாராவது தெளிவாகச் சொல்லியிருக்கலாம். அந்தக் காதில் மிச்சமிருந்த இயல்பான கேள்திறனும் போய்விட்டது. பாட்டில் தாளம் பிடிபடுகிறது, மெட்டு பிடிபடவில்லை. கூட்டத்தில் இன்னும் திணறுகிறேன். பிராசஸர் என்ற வெளிக்கருவியை மாட்டியிருக்கும்போது அடங்கும் காது இரைச்சல், இரவில் கழற்றியதும் திரும்பிவிடுகிறது.

இரண்டு காதிலும் நோய் இருந்தால், அறுவைக்கு நாள் குறிக்கும் முன்னால் சமநிலைப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு எந்தப் பக்கம் நன்றாக வேலை செய்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்தைத் தொடாமல் விடத்தான் எனக்கு வலது காதைத் தேர்ந்தெடுத்தார்கள்.