வயல் எலிக்கு மருந்தா, கிட்டியா, ஆந்தையா?

காவிரி டெல்டாவில் நெல் தொண்டைக்கதிருக்கு (கதிர் தண்டுக்குள் திரளும் பருவத்துக்கு) வந்த பிறகுதான் பலருக்கும் எலி நினைவுக்கு வருகிறது. தூர்கள் அடியில் சாய்வாகச் சீவப்பட்டு விழுந்து கிடக்கும். உடனே கடைக்கு ஓட்டம். கடையில் கிடைப்பது மருந்து மட்டும்தான். ஆந்தையை யாரும் பொட்டலம் கட்டி விற்பதில்லை. மருந்துக்கு இருக்கும் செல்வாக்கில் பாதி இதனால் வந்தது.

மருந்திலும் இரண்டு வகை உண்டு. ஜிங்க் பாஸ்பைடை ஒரு பங்குக்கு 49 பங்கு பொரியிலோ கருவாட்டிலோ கலந்து வைப்பார்கள். வயிற்று அமிலத்தில் பட்டதும் பாஸ்பின் வாயு கிளம்பி எலியைச் சீக்கிரமே முடித்துவிடும். ஆனால் கொஞ்சமாகக் கொறித்துப் பிழைத்துக்கொண்ட எலி மறுபடி அதைத் தொடாது. அதனால்தான் முதல் இரண்டு மூன்று இரவுகள் மருந்தில்லாத தீனியை வைத்துப் பழக்கச் சொல்கிறார்கள். பதற்றத்தில் கடைக்கு ஓடியவருக்கு அந்தப் பொறுமை ஏது? புரோமாடியோலோன் வேறு மாதிரி. இரத்தத்தை உறையவிடாமல் சில நாட்கள் எடுத்துக்கொண்டு கொல்லும். எலிக்குச் சந்தேகம் எழாது. இடைப்பட்ட நாட்களில் சோர்ந்து திரியும் அந்த எலியைக் கூகை என்னும் ஆந்தை தின்றால் நஞ்சு அதற்கும் போகிறது. மனிதர் பக்கம் வந்தால் கணக்கு தலைகீழ்: புரோமாடியோலோனுக்கு வைட்டமின் கே1 இருக்கிறது, ஜிங்க் பாஸ்பைடுக்கு முறிவு மருந்தே இல்லை. மிஞ்சியதை எரவாணத்தில் செருகி வைக்கும் பழக்கத்தை முதலில் விட வேண்டும்.

இன்னொரு சிக்கல், வயலே கதிரால் நிறைந்திருக்கும்போது உங்கள் பொரியை எலி ஏன் தேடி வர வேண்டும்? மருந்தோ, கிட்டி என்னும் மூங்கில் பொறியோ, தீனி காட்டிப் பிடிக்கும் எந்த வழியும் நடவு முடிந்த தொடக்கத்தில்தான் நன்றாக எடுபடும்.

தஞ்சாவூர்க் கிட்டி என் கணக்கில் முதல் இடம். வளைத்த மூங்கில், ஒரு கயிறு, நடுவில் தீனி. எலி தலையை நீட்டியதும் வில் விடுபட்டுக் கழுத்தை இறுக்கிவிடும். கிட்டி வைப்பவர் சாயங்காலம் கட்டுக்கட்டாகச் சுமந்து வந்து வரப்போரம் நட்டுவிட்டு, விடிந்ததும் எலிகளை எண்ணிக் காட்டுவார். எலிக்கு இவ்வளவு என்று கூலி. மயிலுக்கும் நாய்க்கும் நஞ்சில்லை. செத்தது எத்தனை என்று கண்ணால் பார்க்கலாம். மருந்தில் அந்த வசதி கிடையாது, பாதி வளைக்குள்ளேயே கிடந்து நாறும். குறை என்னவென்றால் ஆள். கிட்டி வைப்பவர்களில் பலர் வயதானவர்கள். பருவத்தில் ஊரே ஒரே நேரத்தில் அவரைத் தேடும்.

செலவில் ஆந்தைக் குச்சியை எதுவும் நெருங்க முடியாது. ஆங்கில எழுத்து "T" வடிவில் இரண்டு கழிகளைக் கட்டி வயலில் நட்டால் போதும், இரவில் ஆந்தை வந்து உட்காரும். கூகை ஒன்று ஒரு இரவில் ஒன்றிரண்டு எலிகளைப் பிடிக்கும். எலியோ ஏறத்தாழ மூன்று வாரத்தில் அடுத்த ஈற்றைப் போட்டுவிடும். ஆகவே ஏற்கெனவே பெருகிவிட்ட வயலை ஆந்தை காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம்; பெருகாமல் பார்த்துக்கொள்ள அது நல்ல காவல். கதிர் வந்ததும் குச்சியைப் பிடுங்கிவிட வேண்டும், இல்லையென்றால் பகலில் தானியம் தின்னும் பறவைகளுக்கு அது பந்தலாகிவிடும். புரோமாடியோலோனை வைத்துவிட்டு ஆந்தைக்குக் குச்சியும் நடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். விருந்துக்கு அழைத்து விஷம் பரிமாறுவதுதான் அது.

செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கம் இருளர்கள் வளையில் புகை போட்டு வெட்டிப் பிடிப்பார்கள். எலி பதுக்கிய நெல்லும் வெளியே வரும், அது அவர்களுக்கு. வரப்பை மீண்டும் அணைக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

எதைத் தேர்ந்தாலும் பக்கத்து வயல்காரரோடு சேர்ந்து செய்யாவிட்டால் காலி வளைக்கு அவர் எலி குடிவந்துவிடும். நானாக இருந்தால் எலி வளை தோண்ட இடம் கிடைக்காதபடி கோடையில் வரப்பை 45 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்துக்குச் செதுக்கி, நடவானதும் கிட்டிக்காரரைக் கூப்பிட்டு, குச்சியும் நடுவேன். அதையும் மீறினால், சாயங்காலம் எல்லா வளைகளையும் மண்ணால் அடைத்துவிட்டு, காலையில் திறந்திருக்கும் வளைகளில் மட்டும் ஜிங்க் பாஸ்பைடு. அதுவும் பழக்கத் தீனி வைத்த பிறகு.