எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு ஆன்லைன் பேக்கப்: ஒரு வருட அனுபவம்

2 டெராபைட் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கை ஆன்லைன் பேக்கப் சேவை ஒன்றில் ஏற்றி ஒரு வருடம் ஆகிறது. முதல் தடவைக்கு நிறைய பொறுமை வேண்டும். அப்லோட் வேகம் நொடிக்கு 10 மெகாபிட் என்றால், இரவு பகலாக ஓடினாலும் அவ்வளவும் ஏற 18 நாளுக்கு மேல் ஆகும், அதுவரை டிஸ்க்கைக் கழற்றாமல், கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம் சிரமமில்லை, மாறிய ஃபைல்கள் மட்டும்தான் போகும்.

என்னைக் கலங்கடித்தது வேறு விஷயம். 30 நாளுக்குள் ஒரு முறையாவது டிஸ்க்கைச் செருகாவிட்டால் அதன் பேக்கப்பையே அழித்துவிடுகிறார்கள். வேலை மும்முரத்தில் அலமாரியில் வைத்துவிட்டு ஐந்து வாரம் கழித்துச் செருகிப் பார்க்கிறேன், பழைய போட்டோக்கள் எல்லாம் மறுபடி முதலிலிருந்து ஏறுகின்றன! எச்சரிக்கை மெயில் ஸ்பேமில் கிடந்தது. இதைப் பணம் கட்டும் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் போட வேண்டாமா?

மீட்டெடுப்பது மட்டும் அருமை. தெரியாமல் அழித்துவிட்ட, மகள் முதன்முதலாக நடந்த வீடியோவை பிரவுசரில் முந்தைய வாரத் தேதியைத் தேர்ந்தெடுத்துப் பத்தே நிமிடத்தில் எடுத்துவிட்டேன், கண் கலங்கிவிட்டது. அதற்காகவே சந்தாவைப் புதுப்பித்தேன், இந்த முறை பழைய பிரதிகளை ஒரு வருடம் வைத்திருக்கும் திட்டத்தில்.